கிட்டப் பார்வை ‘திரும்பி வந்த’ பாய் நெசவாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

அறுபது வயதைக் கடந்த ஒருவர், பல ஆண்டுகளாகப் போட்டுவந்த படிப்புக் கண்ணாடி இப்போது தேவைப்படவில்லை, கண் தானாகவே தெளிந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லும்போது, கண் மருத்துவரால் அந்த மகிழ்ச்சியில் உடனே பங்கு கொள்ள முடிவதில்லை. வெள்ளெழுத்து, அதாவது வயதால் கிட்டத்தில் உள்ளது மங்கும் நிலை, வந்த கண் தானாகக் குணமாவதில்லை. கிட்டத்தில் உள்ளது மறுபடியும் தெரியத் தொடங்கினால், கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லையின் நடுப்பகுதி இறுகி அதன் ஒளிவிலகல் திறன் கூடியிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அது கண்புரையின் முதற்படி. இங்கே விவரிக்கப்படும் நிகழ்வில் அந்த மாற்றம், நுண்ணிய கைவேலையால் பிழைக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நன்மையாகவே தோன்றியது. அதன் விலை தூரப் பார்வையிலும் வண்ணத்திலும் கழுத்திலும் வேறு உருவங்களில் வெளிப்பட்டது. சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது ‘எவ்வளவு தெரிகிறது’ என்ற கேள்வியைவிட ‘எந்தத் தொலைவில் எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்ற கேள்வி முந்திக்கொண்டதால் இதை விரிவாக எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நோயாளியும் அவர் தொழிலும்

பத்தமடையைச் சேர்ந்த 62 வயதுப் பெண். சிறுமியாக இருந்தபோதே தாயிடம் பாய் நெய்யக் கற்றுக்கொண்டவர். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்துக் காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, தரையோடு ஒட்டிய தறியில் நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல் பாவுக்குக் குறுக்கே ஊடையாகக் கொடுத்து நெய்வது இந்தத் தொழில். சாதாரணப் பாயில் ஓர் இழை பிசகினால் பெரிதாகத் தெரியாது. பட்டுப் பாய் என்று அழைக்கப்படும் நேர்த்தியான வகையில் ஊடை இழை நூலுக்கு நூல் போட்டியிடும் அளவுக்கு மெலிந்திருக்கும்; அதிலும் கல்யாணப் பாயில் மணமக்களின் பெயர்களை எழுத்துவடிவில் நெய்ய வேண்டியிருப்பதால், எந்தப் பாவு மேலே, எந்தப் பாவு கீழே என்பதை எண்ணி எண்ணி இழையைச் செலுத்த வேண்டும். நெய்பவரின் கண்ணுக்கும் இழை சேரும் விளிம்புக்கும் இடையிலான தொலைவு, அவர் உட்கார்ந்து காட்டியபோது அளந்ததில், ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். இந்த ஓர் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அவர் மருத்துவமனைக்கு வந்தது கண்ணுக்காக என்றுகூடச் சொல்ல முடியாது. மகள்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். கல்யாணத்துக்கென்று நெய்துகொடுத்த ஒரு ஜோடிப் பாயில் ஒன்றின் கரை கருநீலமாகவும் மற்றதன் கரை சில விரற்கடைக்குக் கறுப்பாகவும் இருந்ததால், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அதற்கு முன்பே, திருநெல்வேலி சந்திப்பில் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியாமல், பாபநாசம் வண்டி என்று நினைத்துத் தென்காசி வண்டியில் ஏறிப் பாதி வழியில் இறங்கிய சம்பவமும் நடந்திருந்தது. நோயாளியின் சொந்த மதிப்பீடு வேறாக இருந்தது: “எட்டக்க உள்ளதுதான் கொஞ்சம் மங்கல் டாக்டரம்மா. கிட்டக்க இப்போ கண்ணாடியே வேண்டாம், அப்படித் தெரியுது. கண்ணு திரும்பி வந்துட்டு.” தமக்கு உண்மையில் தொந்தரவு தருவது கழுத்து வலிதான் என்றும், அதற்கு எலும்பு மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருவதாகவும் சொன்னார்.

பார்வை மாறிவந்த வரிசை

முதல் மாற்றம் 43 வயதில் வந்தது. மாலை நேரத்தில் இழை இரண்டாகத் தெரிந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தால் தெளிந்தது. ஆனால் அவ்வளவு பின்னே போனால் கை எட்டவில்லை. சந்தையில் பரப்பி விற்கும் கண்ணாடிகளில் ஒன்றரைப் பவர் கண்ணாடியைப் போட்டுப்பார்த்து வாங்கிக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியதும் அது போதாமல் இரண்டேகால் ஆனது. 55 வயதில் ஒரு கண் முகாமில் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது எழுதிக்கொடுத்த சீட்டை மகள் பத்திரமாக வைத்திருந்தார். தூரத்துக்கு இரு கண்ணிலும் கூட்டல் அரை டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு), கிட்டத்துக்கு அதற்கு மேல் இரண்டரை என்று அதில் இருந்தது. இந்தச் சீட்டு இல்லாமலிருந்தால் நோய்க்கணிப்பு இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கி எறியாத குடும்பங்களுக்குக் கண் மருத்துவர்கள் பெரிதும் கடன்பட்டவர்கள்.

60 வயதை ஒட்டி, கண்ணாடி போட்டால் பாய் மங்கலாகவும் கழற்றினால் தெளிவாகவும் தெரியத் தொடங்கியது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம், எதிரே வரும் வண்டி வெளிச்சத்தில் கண் கூசுதல், தென்மேற்குப் பருவத்தில் சாரல் விழும் மூடாப்பு நாட்களில் வேலையே ஓடாமை ஆகியவை அடுத்தடுத்து வந்தன. கேட்டபோதுதான் இவற்றைச் சொன்னார். தாமாகச் சொல்லவில்லை, ஏனெனில் இவையெல்லாம் வயதானால் வருபவை என்பது அவர் எண்ணம். கண் குளிர்ச்சிக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வதும் உண்டு என்றார். அதை அன்றே நிறுத்தச் சொன்னோம்.

பரிசோதனையில் கண்டவை

கண்ணாடியின்றித் தூரப் பார்வை வலக்கண்ணில் 6/36, இடக்கண்ணில் 6/24. அதாவது, நலமான கண் 36 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவரது வலக்கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது. வலக்கண்ணுக்குக் கழித்தல் 3.50 டயாப்டரும் இடக்கண்ணுக்குக் கழித்தல் 2.00 டயாப்டரும், சிறிதளவு சிலிண்டர் பவரும் கொடுத்தபோது பார்வை முறையே 6/12, 6/9 என உயர்ந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் கூட்டல் அரையாக இருந்த கண்கள் இவை. ஆக வலக்கண் நான்கு டயாப்டரும் இடக்கண் இரண்டரை டயாப்டரும் கிட்டப்பார்வைப் பக்கம், அதாவது கிட்டத்தில் மட்டும் தெளிவாகத் தெரியும் பக்கம், நகர்ந்திருக்கின்றன. கண்ணாடி இல்லாமலேயே நாளிதழ் விளம்பரங்களின் பொடி எழுத்தை இடக்கண்ணால் தடையின்றிப் படித்தார்.

கழுத்து வலிக்கான விடை இந்த எண்களிலேயே இருந்தது. கழித்தல் 3.50 உள்ள கண் 28 சென்டிமீட்டரை ஒட்டியும் கழித்தல் 2.00 உள்ள கண் 50 சென்டிமீட்டரிலும் கூர்மையாகப் பார்க்கும். தறியின் விளிம்போ 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் பொருந்தாத இடத்தில் வேலை இருந்ததால், அவர் தம்மை அறியாமல் பவர் கூடிய வலக்கண்ணின் பக்கம் சாய்ந்து, குனிந்து, தலையைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே கொண்டுபோய் மணிக்கணக்கில் நெய்துவந்திருக்கிறார். உட்கார்ந்து காட்டச் சொன்னபோது முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கோரை இழையைக் கையில் கொடுத்ததும் தலை தானாகத் தாழ்ந்தது.

பிளவொளி நுண்ணோக்கியில் வலக்கண் வில்லையின் நடுப்பகுதி பழுப்பு மஞ்சளாக, நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை இறுக்கத்துடன் இருந்தது. இடக்கண்ணில் இரண்டாம் நிலை. கண் அழுத்தம் வலக்கண்ணில் 16, இடக்கண்ணில் 15 மி.மீ. பாதரச அளவு. கண்பாவை நல்ல வெளிச்சத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சுருங்கி, இருட்டில் நான்குக்கு மேல் விரியவில்லை. கண்ணீர்ச் சுரப்பு சற்றுக் குறைவு. பாவையை விரித்துப் பார்த்ததில் விழித்திரையில் சர்க்கரை நோயின் தடயம் இல்லை. மையப் பகுதியில் வயதுக்கே உரிய ஓரிரு வெளிர்மஞ்சள் புள்ளிகள் மட்டும் இருந்தன. பார்வை நரம்பு இயல்பாக இருந்தது.

வண்ணச் சோதனை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. பரவலாகப் பயன்படும் இஷிஹாரா அட்டைகள் அனைத்தையும் அவர் சரியாகப் படித்தார். அந்த அட்டைகள் பிறவியிலேயே வரும் சிவப்பு-பச்சைக் குழப்பத்தைக் கண்டுபிடிக்க உருவாக்கப்பட்டவை. வயதால் வரும் நீலம்-மஞ்சள் குழப்பத்தை அவை காட்டுவதில்லை. ஃபார்ன்ஸ்வொர்த் 15 வட்டுச் சோதனையில், வண்ண வட்டுகளை வரிசைப்படுத்தும்போது, வலக்கண் நீலம்-மஞ்சள் அச்சில் பலமுறை தாவியது. அதற்கும் மேலாக, மகள் கொண்டுவந்திருந்த சாயக் கோரை இழைகளையே கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னோம். சன்னலோரத்தில் கருநீலத்தையும் கறுப்பையும் தயங்கித் தயங்கிப் பிரித்தார். மஞ்சள் பல்பின் கீழே இரண்டையும் ஒரே குவியலில் போட்டார். சிவப்பில் ஒருமுறைகூடத் தவறவில்லை. மங்கலான எழுத்துகளைக் கொண்டு செறிவு வேறுபாட்டை (வெளிர்-அடர் வேறுபாட்டை உணரும் திறனை) அளக்கும் பெல்லி-ராப்சன் அட்டையில் வலக்கண் 1.20, இடக்கண் 1.50; வலக்கண்தான் குறைவு.

வேறு காரணங்களை விலக்கியது

சர்க்கரை நோயாளிக்குக் கண்ணாடிப் பவர் கழித்தல் பக்கம் நகர்ந்தால், வில்லை இறுகியதா அல்லது இரத்தச் சர்க்கரை கூடியதால் வில்லை தற்காலிகமாக மாறியதா என்ற ஐயம் முதலில் எழ வேண்டும். அன்று அவரது மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.1 விழுக்காடு; கட்டுப்பாடு போதாது. ஆகவே கண்ணாடி எழுதிக்கொடுக்காமல், பொது மருத்துவரிடம் அனுப்பி மருந்தைத் திருத்திய பிறகு, ஆறு வாரம் கழித்துப் பவரை மறுபடி பார்த்தோம். வலக்கண்ணில் கால் டயாப்டர் மட்டுமே குறைந்தது, இடக்கண்ணில் மாற்றமில்லை. சர்க்கரை ஏறியிருக்கும் நேரத்தில் அவசரமாக வாங்கிய கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் பயனற்றுப் போவதை அடிக்கடி பார்க்கிறோம் என்பதால் இந்தக் காத்திருப்பை நான் தவிர்ப்பதில்லை.

கார்னியாவின் (கண்ணின் முன்புற ஒளிபுகும் படலத்தின்) வளைவு 44.25, 44.50 டயாப்டர், கண்ணின் நீளம் 22.8 மில்லிமீட்டர். இரண்டும் இயல்பானவை. இளமையில் வரும் கிட்டப்பார்வையில் கண்ணே நீண்டுவிடும். இங்கே நீளம் கூடவில்லை, வளைவும் கூடவில்லை. எஞ்சியிருப்பது வில்லை ஒன்றுதான்.

ஏன் இப்படி நடக்கிறது

இளமையில் வில்லை மென்மையானது. கிட்டத்தில் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, வில்லையைத் தாங்கும் நார்கள் தளர, வில்லை தன் இயல்பால் குவிந்து பவர் கூடுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் அடிப்படையாக இருக்கிறது. வில்லை வாழ்நாள் முழுவதும் வெளிப்புறத்தில் புதிய இழைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பழைய இழைகளை உதிர்ப்பதில்லை. தோலும் நகமும் புதுப்பித்துக்கொள்வதுபோல் அது செய்வதில்லை என்பதால், அதன் நட்ட நடுவில் இருக்கும் இழைகள் கருப்பையில் உருவானவையாகவே இருக்கின்றன. அவற்றிலுள்ள புரதங்கள் வயதோடு ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதால் வில்லையின் வளையும் தன்மை குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதற்கு ஹாஃப்ஸ்டெட்டரின் எளிய கணக்கு உண்டு: 18.5இலிருந்து வயதின் பத்தில் மூன்று பங்கைக் கழித்தால், சராசரியாக எத்தனை டயாப்டர் குவிக்க முடியும் என்பது கிடைக்கும். இருபது வயதில் 12.5, நாற்பதில் 6.5, அறுபதில் வெறும் அரை. குவிக்கும் திறனில் பாதியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால்தான் நெடுநேரம் சோர்வின்றி வேலை செய்ய முடியும் என்பது கண்ணாடிப் பரிசோதனையில் நடைமுறை விதி. நம் நோயாளியின் 43 வயதுக் கணக்கு 5.6 டயாப்டர், பாதி 2.8. தறிக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு, 2.5 டயாப்டர் வேண்டும். அவரிடம் இருந்த அரை டயாப்டர் கூட்டல் பவரையும் ஈடுகட்ட வேண்டியிருந்ததால் தேவை மூன்றானது. சோர்வின்றிச் செலவிடக்கூடிய அந்தப் பாதி மூன்றுக்குக் கீழே போயிருந்த வயதில் இழை இரண்டாகத் தெரியத் தொடங்கியதில் வியப்பொன்றுமில்லை. சற்று எட்டிப் பிடித்துப் பத்திரிகை படிக்கிற ஒருவர் இதே கண்ணோடு இன்னும் சில ஆண்டுகள் ஒப்பேற்றியிருப்பார். தறி அந்த இடங்கொடுக்கவில்லை.

வெள்ளெழுத்து நோயல்ல என்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கைவேலைக்காரர்களுக்கு அது கூலியில் தெரிகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கிட்டக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட 21.7 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பாயும் பீடியும் பூவும் கையால் ஓடும் நம் பகுதிக்கு இந்த எண் பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி ‘திரும்பி வந்த’ பார்வைக்கு வருவோம். அறுபதை ஒட்டிச் சிலருக்கு வில்லையின் நடுப்பகுதி சுற்றுப்பகுதியைவிட மிகுதியாக இறுகி, ஒளிவிலகல் எண் உயர்கிறது. வில்லைக்குள் இன்னொரு வில்லையை வைத்ததுபோல் கண் கழித்தல் பக்கம் நகர்கிறது. இழந்த குவிக்கும் திறன் திரும்புவதில்லை. கண் ஒரே கிட்டத் தொலைவில் பூட்டிக்கொள்கிறது, அவ்வளவே. கையில் உள்ளது தெரியும். பேருந்துப் பலகை தெரியாது. வலக்கண் போன வழியே இது தொடர்ந்தால், பூட்டிக்கொண்ட தொலைவு மேலும் மேலும் நெருங்கி, கடைசியில் மங்கலில் முடியும்.

அதே இறுகும் புரதங்களோடு மஞ்சள் நிறமிகளும் சேர்வதால், ஊதாவும் நீலமுமான குறுகிய அலைநீள ஒளியை வில்லை விழுங்கிவிடுகிறது. கருநீலத்தில் நீலம் போய்க் கறுப்பு மிஞ்சுவதும், மஞ்சள் பல்பு அதை இன்னும் மோசமாக்குவதும் இதனால்தான்; அந்த விளக்கில் நீலம் ஏற்கெனவே குறைவு. கண்பாவையும் வயதோடு சுருங்கிவிடுவதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் பேத்திக்குப் போதுமான விளக்கு பாட்டிக்குப் போதவே போதாது.

சர்க்கரை நோயும் நெடுங்கால வெயிலும் விறகடுப்புப் புகையும் கண்புரையை முன்னிழுக்கும் காரணிகள்; மூன்றும் இவர் வாழ்வில் இருந்தவை. இவற்றில் எது எவ்வளவு என்று ஒரு தனி நோயாளியிடம் பிரித்துச் சொல்ல இயலாது.

முதலில் செய்தவை

புரை கண்டவுடன் அறுவை என்று நாங்கள் தொடங்கவில்லை. தூரத்துக்குப் புதிய கண்ணாடி கொடுத்தோம். பேருந்துப் பலகையும் எதிரில் வருபவர் முகமும் தெளிந்தன. இரட்டைக் குவியக் கண்ணாடியை அவர் விரும்பவில்லை. கீழ்ப்பகுதி வழியாகப் படியைப் பார்த்தால் படி உயர்ந்து தெரிகிறது என்ற அவர் குறை நியாயமானது, அந்த வயதில் ஒரு படி தவறுவது இடுப்பெலும்பு முறிவில் முடியக்கூடும். ஆகவே தூரக் கண்ணாடி வெளியே போக மட்டும் என்று முடிவாயிற்று.

வெளிச்சத்தில் கிடைத்த பலன் கண்ணாடியைவிடக் கூடுதல். தறி அறையின் உட்சுவரை ஒட்டியிருந்தது. அதைச் சன்னலோரம் மாற்றி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அமைக்கச் சொன்னோம். மாலை வேலைக்கு மஞ்சள் பல்புக்குப் பதில், பகல் ஒளி போன்ற வெண்ணிற எல்.இ.டி. விளக்கு, கண்ணில் நேரே படாதபடி மறைப்புடன். சாயம் பிரிக்கும் வேலையைப் பகலில் மட்டும் செய்வது, கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்து முடிச்சிட்டு வைப்பதை மகள் பார்த்துக்கொள்வது என்று அவர்களே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தால் எரிச்சல் அடங்கியது. இவற்றோடு சில மாதங்கள் நன்றாகவே ஓடின.

இதற்கிடையே மகளையும் பரிசோதித்தோம். 41 வயது, தாயோடு தறியில் உட்காருபவர், மாலையில் தலைவலி. கூட்டல் ஒன்று போதுமாக இருந்தது. தலைவலி தறியில் குனிவதால் வருகிறது என்றே இருவரும் நம்பியிருந்தார்கள்.

அறுவையும் லென்சு எண்ணும்

ஓராண்டுக்குள் வலக்கண் கண்ணாடியோடும் 6/24க்கு இறங்கியது, கூச்சம் கூடியது. புரை நன்றாகப் பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று உறவினர் சொன்னதால் தள்ளிப்போட நினைத்தார். லென்சு வைக்கும் முறை பரவலாகாத காலத்து அறிவுரை அது. புரை முற்றினால் வில்லை கல்லாக இறுகி அறுவை கடினமாகுமே தவிர எளிதாகாது. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் காரணம் சிகிச்சை பெறாத கண்புரை என்று தெரியவந்ததில், இந்தக் காத்திருப்புக்கும் பங்கு இருக்கும் என்பது என் கருத்து.

ஹரால்டு ரிட்லி 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்சை வைத்த நாளிலிருந்து, புரையை எடுப்பதோடு என்ன பவர் வைப்பது என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டது. வழக்கமான விடை, தூரத்துக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியும்படி வைத்து, கிட்டத்துக்குக் கண்ணாடி கொடுப்பது. பெரும்பாலோர்க்கு அதுவே சரி. இவரது மகனும் அதையே கேட்டார்: அம்மா இனி நெய்ய வேண்டியதில்லை, வெளியே தெரிந்தால் போதும். நோயாளி குறுக்கிட்டார்: “கை சும்மா இருந்தா எனக்கு ஏலாதுய்யா. நீ ரோட்டக் காட்டுத. எனக்குத் தறி தெரியணும்.”

நாங்கள் எடைபோட்ட வழிகள் மூன்று. பல தொலைவுகளையும் காட்டும் பன்குவிய லென்சு ஒளியைப் பங்கிடுவதால் செறிவு வேறுபாட்டைக் குறைக்கும், இரவில் ஒளிவளையம் காட்டும். கறுப்பின் பக்கத்தில் கருநீலத்தைப் பிரிக்க வேண்டியவருக்கு அது ஆகாது, விலையும் கூடுதல். இரண்டாவது, வலக்கண்ணைத் தூரத்துக்கு வைத்து, கழித்தல் இரண்டில் நிற்கும் இடக்கண்ணைக் கிட்டத்துக்கு விட்டுவிடுவது. காகிதத்தில் அழகான தீர்வு இது. சோதனைச் சட்டத்தில் அதே நிலையை உண்டாக்கி, சிறு சட்டத்தில் கட்டிய பாவில் இழை கொடுக்கச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில், மேல் நூலும் கீழ் நூலும் ஒரே மட்டத்தில் தெரிகின்றன என்றார். ஆழம் உணர இரு கண்களும் ஒரே தொலைவில் கூர்மையாகப் பார்க்க வேண்டும். மேல்-கீழ் பிரித்தறிவதே தொழிலானவரிடம் அதைப் பறிக்க முடியாது. மூன்றாவது, வலக்கண்ணையும் கழித்தல் இரண்டில் நிறுத்துவது. அப்போது இரு கண்களும் சமமாகும். நேர்க்குவியம் 50 சென்டிமீட்டரில் விழுந்தாலும், இரண்டரை மில்லிமீட்டர்ப் பாவை தரும் குவிய ஆழத்தால் 40 சென்டிமீட்டர் வேலைக்கும் தெளிவு இருக்கும், தலையும் நிமிரும். கழித்தல் இரண்டரை வைத்தால் தறி இன்னும் கூர்மையாகும். ஆனால் வீட்டுக்குள் நடமாட்டத்துக்கும் அடுப்பங்கரைக்கும் சிரமம் கூடும், இடக்கண்ணோடு சமமும் கெடும்.

இந்த மூன்றாவது வழியின் குறையை மறைக்காமல் சொன்னோம்: வெளியே போகக் கண்ணாடி இல்லாமல் முடியாது, வைகறையில் கண்ணாடி தேடாமல் எழுந்து முற்றத்துக்குப் போகக் கூடாது. ஒப்புக்கொண்டார். கணக்குப்படி கண்ணாடியின்றித் தூரம் தெரிய 21.5 டயாப்டர் லென்சு வேண்டியிருந்த கண்ணுக்கு 24.5 வைக்கப்பட்டது. மீயொலியால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையில், மரப்பு மருந்து கொடுத்து, மடக்கு லென்சு பொருத்தப்பட்டது. அறுவையில் சிக்கல் ஏதுமில்லை.

பின்தொடர்தல்

ஒரு மாதத்தில் வலக்கண்ணின் பவர் கழித்தல் 2.00, கண்ணாடியோடு தூரப் பார்வை 6/6, கண்ணாடியின்றிப் பொடி எழுத்து தெளிவு. வண்ண வட்டுகளை வலக்கண்ணால் பிழையின்றி அடுக்கினார். ஆனால் இரு கண்களுக்கும் வண்ணம் ஒத்துப்போகாதது அவரைத் தொந்தரவு செய்தது: ஒரு கண்ணை மூடினால் கோரை நீலமாகவும் மற்றதை மூடினால் பாசிப்பச்சை கலந்த கறுப்பாகவும் தெரிந்தது, வெள்ளைத் துணிகூட ஒரு கண்ணுக்குப் பழசாகத் தெரிந்தது. மூளை ஓரளவு பழகிக்கொண்டாலும், சாயம் பிரிக்கும்போது இடக்கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் நீடித்தது.

இரண்டாம் மாதத்தில் வலக்கண்ணில் நூல் போன்ற நிழல்கள் மிதப்பதாக வந்தார். விழித்திரைக்கு முன்னாலுள்ள கூழ்மம் வயதோடு இளகி விழித்திரையிலிருந்து விலகுவதால் வரும் நிழல்கள் அவை. புரை இருந்தவரை தெரியாமலிருந்து, அறுவைக்குப் பின் வெளிப்படுவதும் உண்டு, அறுவையே அந்த விலகலை விரைவுபடுத்துவதும் உண்டு. பெரும்பாலும் தீங்கில்லை. எனினும் விலகும்போது விழித்திரை கிழியக்கூடும் என்பதால் அன்றே பாவையை விரித்து ஓரங்கள் வரை பார்த்தோம், கிழிசல் இல்லை. நிழல்கள் திடீரென்று பெருகினாலோ, மின்னல் போல் ஒளி வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல் இருந்தாலோ மறுநாள்வரை பொறுக்காமல் வர வேண்டும் என்று மகளிடமும் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த ஆண்டு இடக்கண்ணுக்கும் அதே இலக்கோடு அறுவை நடந்தது. பவர் கழித்தல் 2.25இல் நின்றது. வண்ண வேறுபாடு நீங்கியது. கழுத்து வலி பெரிதும் குறைந்தது. எலும்புத் தேய்மானத்தின் பங்கு எஞ்சியிருப்பதால் முற்றிலும் போகவில்லை. பட்டுப் பாய் நெய்வது தொடர்கிறது. கல்யாணப் பாயின் பெயர் எழுத்துகளை மட்டும் இப்போது மகள் நெய்கிறார், அது கண்ணால் அல்ல, தாயின் விரல் முட்டிகள் ஒத்துழைக்காததால்.

தூரக் கண்ணாடி விஷயத்தில் ஒழுங்கு போதாது. அடுத்த தெருவுக்கு அதை அணியாமலேயே போகிறார் என்று மகள் புகார் சொல்கிறார். கடைசியாகப் பார்த்தபோது வலக்கண்ணில் லென்சுக்குப் பின்னாலுள்ள இயற்கை உறையில் (பின்னுறையில்) மெல்லிய மங்கல் தொடங்கியிருந்தது. பார்வை 6/6இல் இருப்பதால் லேசர் இப்போதைக்குத் தேவையில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.2 விழுக்காடு. விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது என்றும், பின்னுறை மங்கலுக்காக வலக்கண்ணை மட்டும் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பது என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.